கரும்புக்குள் ஒரு கள்ளன்

மேல்மலையனூருக்கு அமாவாசையன்று போகிறவர்கள் அங்காளம்மனைத் தரிசிக்கப் போவார்கள். நள்ளிரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்தைக் காண எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிவார்கள். நான் போனது தை அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். கூட்டமெல்லாம் வடிந்து, எலுமிச்சம்பழத் தோலும் குங்குமமும் மட்டும் வீதியில் மிச்சமாய்க் கிடந்த நேரம்.

"அம்மனைப் பார்க்காமல் கரும்பைப் பார்க்க அந்த ஊருக்குப் போகிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும்" என்றாள் என் மனைவி. அம்மனையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் இந்தக் கட்டுரை கரும்பைப் பற்றியது.

செஞ்சியிலிருந்து வளத்தி வழியாக பஸ் போகிறது. கோட்டை மலைகளின் கரும்பாறைகள் பின்னால் மறைந்ததும் இரு பக்கமும் மணிலாக்கொட்டை, நெல், சவுக்கு. கிணற்றில் தண்ணீர் தங்குகிற இடங்களில் கரும்பு. பழைய தென்னார்க்காடு ஜில்லாவுக்கும் கரும்புக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பின்னால் முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் ஆலைகள் எழுந்தன. பொங்கலுக்கு நாம் வாங்கும் கறுப்புக் கரும்பு வேறு. ஆலைக்குப் போகும் வெள்ளைக் கரும்பு வேறு. ஆனாலும் இரண்டும் ஒரே குலம்தான்.

ஊரைத் தாண்டி ஒரு கழனி ஓரமாக, வேப்ப மர நிழலில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து கரணை வெட்டிக் கொண்டிருந்தார்கள். கரும்பை விதை போட்டுப் பயிரிடுவதில்லை என்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முழுக் கரும்பை இரண்டு கணு உள்ள துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டைத்தான் பாரில் நடுகிறார்கள். அதற்குத்தான் கரணை என்று பெயர். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 30,000 கரணை வேண்டும்.

அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், மற்றவர்களைப் போல வெட்டிப் போட்டுக்கொண்டே போகவில்லை. ஒவ்வொரு கரணையையும் வெட்டியதும் இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நமது வீட்டுப் பெண்கள் கத்தரிக்காய் நறுக்கும்போது புழு இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. சில துண்டுகளைத் தனியே எடுத்துத் தூரத்தில் எறிந்தாள். எறிந்த பிறகு அரிவாளைப் பக்கத்திலிருந்த வாளியில் முக்கி எடுத்தாள்.

"இன்னா தம்பி, வெயில்ல நிக்கிறீங்க? இப்படி நிழல்ல வந்து குந்துங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். "எதற்காக அம்மா அந்தத் துண்டுகளை எறிகிறீர்கள்?" என்று கேட்டேன்.

எறிந்த துண்டு ஒன்றை எடுத்து வரச் சொல்லி என் கையில் கொடுத்தாள். வெட்டுவாயில், ஊசி முனை அளவுக்கு, ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால்தான் எனக்குத் தெரிந்தது.

"இது கள்ளன், தம்பி. ஒரு தரம் என் கழனிக்குள்ள வந்துட்டுப் போயிருக்கான். அதான் பயம்."

*

நாலு வருஷத்துக்கு முன் நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பக்கத்து ஊர்ல ஒருத்தர் கரும்பு, பாத்தா ஆனை மாதிரி நின்னுது. அதுலதான் கரணை வாங்கணும்னு அவரு புடிவாதம். சங்கிலியை பேங்குல வெச்சு வாங்கி, ஒண்ணரைக் காணி நட்டோம். முளைப்பு நல்லாத்தான் இருந்துது. ஆறு மாசம் ஆச்சு. குருத்துக்குக் கீழ மூணாவது தோகை, நாலாவது தோகை மஞ்சளாப் போச்சு. உரம் பத்தலைன்னு நெனைச்சு யூரியா போட்டோம். அப்புறம் தோகை ஓரமாக் காய ஆரம்பிச்சுது. ஒரு நா அவரு ஒரு கரும்பை வெட்டி நெடுக்காப் பொளந்தாரு. உள்ள செக்கச் செவேல்னு! அந்தச் செவப்புக்கு நடுவுல குறுக்குக் குறுக்கா வெள்ளை. மூக்கைத் தொளைக்கிற மாதிரி புளிச்ச சாராய வாடை. ஒரு மாசத்துல கழனி பூரா சாஞ்சுபோச்சு. தோண்டிப் போட்டுக் கொளுத்தினோம். சங்கிலி வூட்டுக்கு வர ரெண்டு வருசம் ஆச்சு."

இடையில் அந்த நிலத்தில் நெல்லை மட்டும் வைத்துவிட்டு, இந்தத் தையில்தான் மறுபடி கரும்புக்குத் துணிந்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை உஷார்.

அவள் கள்ளன் என்று சொன்னதற்கு விவசாயப் புத்தகங்களில் செவ்வழுகல் நோய் என்று பெயர். கரும்புக்கு வரும் நோய்களில் இதற்கு மிஞ்சினது இல்லை. இதை உண்டாக்குவது ஒரு பூசணம். பழைய ஊறுகாய் ஜாடியிலும் நனைந்த செருப்பிலும் பூக்கிறதே, அந்த ஜாதியில் ஒரு பொல்லாத உறவு. கொலட்டோட்ரைக்கம் பால்கேட்டம் என்பது அதன் முழுப்பெயர். 1893-இல் ஜாவாத் தீவில் வென்ட் என்ற டச்சு விஞ்ஞானி இதை முதலில் விவரித்து எழுதினார். நம் நாட்டில் இதை விரிவாக ஆராய்ந்து 1906-இல் எழுதியவர் பட்லர்.

இந்தப் பூசணம் கரும்பின் சர்க்கரையைத் தின்கிறது. தின்றது போக மிச்சத்தையும் கெடுக்கிறது. சாற்றில் உள்ள நல்ல சர்க்கரை உடைந்துபோவதால், அந்தச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றி எவ்வளவு காய்ச்சினாலும் வெல்லம் சரியாகக் கட்டிப்படாது. வீட்டில் பாகு பதம் தப்பினால் நமக்கு வரும் எரிச்சல் ஒரு நாளோடு போகும். இங்கே ஒரு வருஷத்து உழைப்பே பதம் தப்பிவிடுகிறது.

*

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஏற்பட்டது 1912-இல். அதற்கும் முன்பே, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கோதாவரிக் கரையில் செவ்வழுகல் தாண்டவமாடியிருக்கிறது. அந்த ஆபத்தைச் சமாளிக்கப் போராடிய பார்பர் துரைதான் பின்னால் கோயம்புத்தூரில் டி. எஸ். வெங்கடராமனோடு சேர்ந்து, பருத்த நாட்டுக் கரும்பையும் நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் கலந்து புது ரகங்களை உண்டாக்கினார். 1918-இல் வெளிவந்த கோ 205 அப்படிப் பிறந்தது. 1930-களில் ஜானகி அம்மாள் என்ற நமது பெண் விஞ்ஞானியும் இதே நிலையத்தில் கரும்பின் குலமரபை ஆராய்ந்தவர் என்பதைச் சகோதரிகளுக்குச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.

ஆனால் பூசணமும் சும்மா இருக்கவில்லை. புது ரகம் ஒன்று வரும். விளைச்சலைப் பார்த்து எல்லோரும் அதையே நடுவார்கள். சில வருஷத்தில் பூசணம் தன் வேஷத்தை மாற்றிக்கொண்டு அதற்குள்ளும் நுழைந்துவிடும். கோ 213 என்ற ரகம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் 1938 முதல் 1940 வரையில் இப்படித்தான் அழிந்தது. நம் பக்கத்தில் கடலூர்ப் பண்ணையிலிருந்து வந்த கோசி 671, சர்க்கரைச் சத்துக்குப் பேர்போனது. அதையும் செவ்வழுகல் விடவில்லை. அதன் இடத்தைக் கோ 86032 பிடித்தது. 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பரவி, விவசாயிகளுக்கு லட்சுமி கடாட்சமாக இருந்தது. பத்து ஆண்டு ஆவதற்குள் அதற்கும் இதே கதி வந்தது.

ஆகையால் புது ரகத்தை வெளியிடுவதற்கு முன், இது செவ்வழுகலைத் தாங்குமா என்று சோதித்துப் பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனையை எப்படிச் செய்து வந்தார்கள் தெரியுமா? வளர்ந்து நிற்கும் கரும்பில் ஒரு துளை போட்டு, பூசண வித்துக்கள் கலந்த தண்ணீரை உள்ளே விட்டு, களிமண்ணால் அடைப்பார்கள். இரண்டு மாதம் காத்திருப்பார்கள். பிறகு கரும்பை நெடுக்காகப் பிளந்து, சிவப்பு எத்தனை கணு தாண்டியிருக்கிறது, வெள்ளைப் பட்டை எப்படி, தோகை எப்படி என்று கண்ணால் பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை மார்க் போடுவார்கள். இந்த மார்க்குக் கணக்கை 1961-இல் கோயம்புத்தூரில் சீனிவாசனும் பட்டும் வகுத்தார்கள். இரண்டு வரை வாங்கினால் தேறிற்று. எட்டுக்கு மேல் போனால் தள்ளுபடி. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு!

நல்ல முறைதான். இன்றைக்கும் இது உண்டு. ஆனால் இதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, காத்திருக்க வேண்டும். மற்றொன்றுதான் பெரிது: கண்ணுக்குத் தெரிவது சேதம் மட்டுமே; சேதத்தைச் செய்த ஆசாமி எவ்வளவு இருக்கிறான் என்பது தெரிவதில்லை. கரணையின் முளைக்கண்ணிலோ, செதில் இலைக்கு அடியிலோ பூசணம் தூங்கிக்கொண்டிருந்தால் அங்கே சிவப்பே இராது. மேல்மலையனூர் அம்மாள் இரண்டு முனையையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தத் தூங்குமூஞ்சி அவள் கண்ணில் படமாட்டான். பாரில் போய் ஈரம் கண்டதும் எழுந்து உட்காருவான். "ஆனை மாதிரி" நின்ற பக்கத்து ஊர்க் கரும்பில் நடந்திருக்கக் கூடியது இதுதான்.

*

கண்ணால் பார்க்க முடியாத ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் முயல் வருகிறது.

நமக்கு அம்மை குத்தினால், காய்ச்சல் வந்தால், உடம்பு என்ன செய்கிறது? வந்த விரோதியின் அங்க அடையாளத்தைப் பார்த்து, அவனைப் பிடிப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போல ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. இதை எதிர்ப்பொருள் என்கிறார்கள். ரவிக்கைக் கொக்கியும் வளையமும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொக்கி அதற்கேற்ற வளையத்தில்தான் மாட்டும்.

முயலுக்குச் செவ்வழுகல் நோய் வராது. ஆனால் அந்தப் பூசணத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அரைத்து, அதன் புரதத்தைச் சிறிது முயலுக்கு ஊசி மூலம் செலுத்தினால், முயலின் உடம்பு 'யாரோ அந்நியன் வந்துவிட்டான்' என்று கொக்கிகளைத் தயாரித்துவிடும். சில வாரம் கழித்து முயலின் காதிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்தால், செவ்வழுகல் பூசணத்தைத் தேடிப் பிடிக்கும் கோடிக்கணக்கான கொக்கிகள் அதில் இருக்கும்.

கொக்கி மாட்டியதா இல்லையா என்பதை நாம் அறிவது எப்படி? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் ஒரு பெண். சுவீடன் தேசத்தில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பெர்ல்மனின் மாணவியாக இருந்த ஈவா எங்வால், அவரோடு சேர்ந்து 1971-இல் ஒரு முறையை வெளியிட்டார். கொக்கியின் வாலில் ஒரு நொதியை ஒட்டிவிட்டால், அது ஒரு நிறமற்ற திரவத்தை நிறமுள்ளதாக மாற்றிக் காட்டும். எலைசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறை இதுதான். அதே காலத்தில் ஹாலந்திலும் இதே யோசனை இருவருக்குத் தோன்றியது. 1977-க்குள் இங்கிலாந்தில் கிளார்க், ஆடம்ஸ் என்ற இருவர் இதைச் செடிகளின் வைரஸ் நோய்களுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பூசணம் பிற்பாடு வந்தது.

செய்முறையைச் சமையலறைப் பாஷையில் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கில் ஒரு குழிப்பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலத்தில் 96 குழி. சோதிக்க வேண்டிய இலையையோ தண்டையோ அரைத்து, வடிகட்டி, ஒவ்வொரு குழியிலும் சில சொட்டு விடுவார்கள். பூசணம் இருந்தால் அதன் புரதம் குழியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காலியாக உள்ள சுவரில் வேறு எதுவும் வந்து ஒட்டக் கூடாதே, அதற்காக ஒரு பொருளை ஊற்றி மெழுகுவார்கள். அந்தப் பொருள் என்ன என்று நினைக்கிறீர்கள்? பல ஆய்வுக்கூடங்களில் ஆடை நீக்கிய பால் பவுடர்! அடுத்து முயலின் எதிர்ப்பொருள். கழுவல். அப்புறம், முயலின் எதிர்ப்பொருளைப் பிடிப்பதற்கென்று ஆட்டின் உடம்பில் தயாரித்த இரண்டாவது எதிர்ப்பொருள், வாலில் நொதியோடு. மறுபடி கழுவல். கடைசியில் நிறமற்ற திரவம். பூசணம் இருந்த குழி மெள்ள மெள்ள மஞ்சளாகும். இல்லாத குழி தண்ணீராகவே நிற்கும்.

ஆனால் 'இருக்கிறதா?' என்பதோடு நின்றுவிட்டால் இதில் பெரிய விசேஷம் இல்லை. 'எவ்வளவு?' என்றும் இது சொல்லும். சில குழிகளில் அளவு தெரிந்த பூசணத்தை, அதிகம், அதில் பாதி, அதிலும் பாதி என்று வைத்துவிடுவார்கள். பாலில் ஒரு ஸ்பூன் டிகாக்‌ஷன், இரண்டு ஸ்பூன், நாலு ஸ்பூன் விட்டு வரிசையாக டம்ளர்களை அடுக்கிவைத்தால், ஐந்தாவது டம்ளரில் எத்தனை ஸ்பூன் விட்டிருக்கிறது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிட மாட்டீர்களா? அதே கணக்கு. கண்ணுக்குப் பதில் ஒரு கருவி மஞ்சளின் அழுத்தத்தை அளந்து எண்ணாகத் தரும்.

கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் விசுவநாதன், பத்மநாபன், மோகன்ராஜ் முதலிய விஞ்ஞானிகளும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமியப்பனும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இதைச் செவ்வழுகலுக்குச் செய்து பார்த்தார்கள். கண்ணுக்குச் சிவப்பு தெரிவதற்கு முன்பே குழி மஞ்சளாயிற்று. அதைவிட ருசிகரமான சமாசாரம் ஒன்று. பல ரகக் கரும்புகளில் ஒரே மாதிரி பூசணத்தை ஏற்றிச் சோதித்தபோது, நோய்க்கு எளிதில் பலியாகும் ரகங்களில் மஞ்சள் அழுத்தமாகவும், தாங்கும் ரகங்களில் வெளிறியும் வந்தது. எதிர்த்து நிற்கும் கரும்புக்குள்ளும் பூசணம் நுழைகிறது. ஆனால் குடும்பம் நடத்த முடிவதில்லை! இரண்டு மாதம் காத்திருந்து பிளந்து பார்க்கும் விஷயத்தைச் சீக்கிரத்திலேயே எண்ணாகப் பார்க்க ஒரு வழி கிடைத்தது.

இது கரும்போடு நிற்கவில்லை. நாம் காலையில் குடிக்கும் தேநீருக்கும் இதில் பங்கு உண்டு. வடக்கு வங்கப் பல்கலைக்கழகத்தில் சக்ரவர்த்தி குழுவினர் தேயிலையின் இலைகளில் பூசணத்தை இப்படித்தான் தேடினார்கள். 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் தென்னைகளில் தலைகாட்டிய வாடல் நோய்க்குக் காரணமான பூசணத்தையும், மரத்தின் வெளித்தோற்றத்தில் குறி தெரியும் முன்பே கண்டுபிடிக்கக் கோயம்புத்தூரில் இதே எதிர்ப்பொருள் வழியைக் கையாண்டிருக்கிறார்கள்.

*

"இவ்வளவு இருக்கும்போது அந்த அம்மாள் ஏன் இன்னும் அரிவாளும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி.

முதலாவது, முயலின் கொக்கிகள் நாம் நினைக்கிற அளவு கறார் அல்ல. பூசணங்கள் ஒன்றுக்கொன்று தாயாதிகள். முகஜாடை ஒன்றாக இருக்கும். செவ்வழுகலைப் பிடிக்கப் போன கொக்கி, ஒரு பாவமும் அறியாத வேறு பூசணத்தையும் பிடித்து இழுத்து வந்துவிடும். வைரஸில் இந்தத் தொல்லை குறைவு. 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் ஒரே அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை மட்டும் உற்பத்தி செய்யும் உபாயத்தைக் கண்டார்கள். 1984-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த உபாயத்தைப் பூசணங்களுக்குப் பயன்படுத்திப் பல காலம் உழைத்தவர் ஆக்ஸ்போர்டின் மாலி டியூயி அம்மையார். திராட்சையில் வரும் சாம்பல் பூசணத்தை அளக்க அவர் செய்த எதிர்ப்பொருள் பெயர்பெற்றது. ஆனால் இந்த வகை எதிர்ப்பொருளைச் செய்ய நாளும் பணமும் அதிகம். இன்னொரு குறையும் சொல்லிவிட வேண்டும்: செத்த பூசணமும் உயிருள்ள பூசணமும் கொக்கிக்கு ஒன்றுதான்.

இரண்டாவது சங்கடம்தான் மேல்மலையனூர்க் கழனியோடு சம்பந்தப்பட்டது. சோதிப்பதற்குக் கரணையை அரைக்க வேண்டும். அரைத்த கரணையை நட முடியாது! அப்படியானால் நூற்றுக்கு ஒன்றை எடுத்துச் சோதித்தால் போதாதா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நமது பாட்டிமார் சொன்னது சோற்றுக்குச் சரி; ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தவை அல்லவா? கரணை அப்படியல்ல. பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு கரணையில் ஒன்று சுத்தமாகவும் மற்றது நோயோடும் இருக்கலாம். அறுபதாயிரம் கரணையில் அறுநூறை அரைத்துப் பார்த்து 'சுத்தம்' என்று சொன்னால், மிச்சத்தில் பத்துக் கள்ளர்கள் ஒளிந்திருப்பது சாத்தியமே. பத்துப் பேர் போதும். மழைத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே இந்தச் சோதனைக்கு உரிய இடம் விவசாயியின் கழனி அல்ல. அதற்கு மூன்று படி மேலே. கரும்பு ஒரு தடவைக்கு ஏறக்குறையப் பத்து மடங்காகப் பெருகும். ஆராய்ச்சிப் பண்ணையில் ஓர் ஏக்கர் விதைக்கரும்பு, அடுத்த பண்ணையில் பத்து ஏக்கர், அதற்கடுத்து நூறு, பிறகுதான் விவசாயி. மூன்றடுக்கு விதைப்பண்ணை என்று இதற்குப் பெயர். உச்சியில் உள்ள அந்த ஓர் ஏக்கரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தால், கீழே உள்ளவர்களுக்குப் பாதிக் கவலை போயிற்று. எலைசாவும், அதற்குப் பிறகு வந்து இன்னும் கூர்மையாகப் பூசணத்தின் மரபணுவையே தேடிப் பிடிக்கும் பி.சி.ஆர். சோதனையும் அங்கேதான் பயன்படுகின்றன. வைரஸ் நோய்களைப் பொறுத்த வரையில், திசு வளர்ப்பில் உண்டாக்கிய கரும்பு நாற்றுக்களைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடே நம் நாட்டில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், குறை இருப்பது சோதனையில் அல்ல. 'எனக்குக் கரணை தருகிற பண்ணை சோதிக்கப்பட்டதா?' என்று கேட்க வேண்டும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அக்கம்பக்கத்துக் கரும்புக்காரருக்கு வழியில்லை. நடவு நெருங்கும் நேரத்தில் விதைக்குத் தட்டுப்பாடு. ஆனை மாதிரி நிற்கும் கரும்பைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

இதையெல்லாம் என்னால் முடிந்த வரை அந்த அம்மாளுக்குச் சொன்னேன். முயல், ஆடு, பணியாரச் சட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எங்க மருமவ முழுகாம இருக்காளான்னு பாக்க மெடிக்கல் ஷாப்புல ஒரு அட்டை வாங்கியாந்தா. ரெண்டு கோடு வந்துது. அது மாதிரியா?" என்றாள்.

நான் அசந்துபோனேன். அதே மாதிரிதான்! அந்த அட்டைக்குள்ளும் எதிர்ப்பொருள்தான் கோடு போடுகிறது. 2021-இல் கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அந்த அட்டையும் இதே குடும்பம். செடி நோய்களுக்கும் இப்படி அட்டைகள் உண்டு. இலையைக் கசக்கி, சாற்றில் அட்டையை நனைத்தால் சில நிமிஷத்தில் கோடு விழும். ஆனால் அது 'ஆம்', 'இல்லை' என்று சொல்வதில் கெட்டி. 'எவ்வளவு' என்று அளப்பதற்குப் பணியாரச் சட்டியே மேல்.

"அப்ப, கரும்புக்கு அந்த மாதிரி அட்டை ஒண்ணு வந்தா, வாங்குற இடத்துலயே நனைச்சுப் பாத்துடுவேன், தம்பி. நூறு கரும்புக்கு ஒண்ணுன்னாலும் பாத்துடுவேன். சங்கிலி பேங்குல இருந்த ரெண்டு வருசத்தை நெனைச்சா அட்டைக் காசு பெரிசா?" என்றாள்.

இதற்குள் அவளுடைய வீட்டுக்காரர் மருந்துத் தண்ணீர்த் தொட்டியைக் கலக்கி முடித்திருந்தார். பொறுக்கி எடுத்த கரணைகளை நடுவதற்கு முன் பூசணக்கொல்லியில் ஊறவைப்பதற்காக. மருந்தும் உள்ளே தூங்கும் கள்ளனை முழுக்க எழுப்பி விரட்டிவிடாது. ஆனாலும் செய்வது நல்லது. நட்ட பிறகு அவர்கள் செய்யப் போவது என்ன என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். மாதா மாதம் பார்பாராக நடப்பது. மூன்றாவது, நாலாவது தோகை மஞ்சளானால் யூரியாவைத் தேடாமல் கரும்பைப் பிளந்து பார்ப்பது. ஒரு குத்து கெட்டிருந்தால் வேரோடு தோண்டிக் கொளுத்துவது. அந்தப் பாருக்குப் பாயும் தண்ணீரை அடுத்த பாருக்குப் போகவிடாமல் மடை கட்டுவது. நோய் கண்டால் கட்டைக் கரும்பு விடாமல் அந்த நிலத்தில் நெல்லுக்கு மாறுவது. ஆலையின் கரும்பு ஆபீசர் சொல்லிக் கொடுத்த பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்.

புறப்படும்போது அந்த அம்மாள் பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த கறுப்புக் கரும்பு இரண்டைக் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு தனிக் கதை. பக்கத்தில் நின்றவர் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரவு வீட்டில் குழந்தைகள் கரும்பைத் துண்டு போட அரிவாள்மணையை இழுத்தார்கள். நான் முதல் துண்டைப் பிடுங்கி, விளக்கடியில் கொண்டுபோய் இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன, கரும்பில் ஜோசியமா?" என்றாள் மனைவி.

வெட்டுவாய் வெள்ளை வெளேரென்று இருந்தது. கணுவின் செதிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் சின்னவள் என் கையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.